மீஞ்சூர் வந்தால் கலங்கும் வயிறு

கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில் என் வயிறு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. காலை ரயிலில் உருட்டும், பிசையும், புளித்த ஏப்பம் வரும். ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், மருந்துக்கடைக்காரர் கொடுத்த டானிக், எதற்கும் அது மசியவில்லை.

நெல் வயலைத் தவிர எந்த வேலையையும் நம்பாத என் நைனா, “அந்த வேல ஒன்னும் வாணாம், ஊட்லயே கெட” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். வேலையைக்கூட விடலாம். அந்த ரயிலை எப்படி விடுவது?

அத்தைதான் வழி சொன்னாள். அவளுடைய நெஞ்செரிச்சலுக்குத் திருவள்ளூரில் ஓமியோபதி டாக்டரம்மா ஒருவர் மருந்து கொடுத்திருந்தார். “ஒரு தபா பாக்கலாம். கேக்கலன்னா வேலய வுட்டுடணும்” என்று நைனா என்னைக் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா என் வயிற்றைவிட என் குணத்தைத்தான் அதிகம் விசாரித்தார். புளிப்பு பிடிக்குமா, இடி இடித்தால் பயமா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன். எல்லாவற்றுக்கும் நைனாவே பதில் சொன்னார்.

“கோபம் வருமா?”

“அத ஏன் கேக்குறீங்க டாக்டர்! தட்டெல்லாம் பறக்கும்.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “எப்ப அதிகமாகுது, எப்ப குறையுது? நீயே சொல்லும்மா.”

“நந்தியம்பாக்கத்துல ஏறுவேன். மீஞ்சூர் கிட்ட வரச்சொல்ல ஆரம்பிக்கும். பொன்னேரி தாண்டினா சரியாயிடும்.”

“நான் சொல்லல? மீஞ்சூர் காத்துதான்!” என்று நைனா துள்ளினார்.

“சாயங்காலம் திரும்பி வரும்போது?”

“ஒன்னும் இல்ல.”

“அப்ப காத்து இல்லீங்களே ஐயா. காலைல எப்பவாவது வராம இருந்திருக்கா?”

“போன வாரம் முழுக்க நல்லா இருந்துச்சு.”

“போன வாரம் என்ன மாறியிருந்தது?”

“அவரு லீவு.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. டாக்டரம்மாவின் பேனா நின்றது. நைனாவின் வாயும் நின்றது, அது அதைவிட அதிசயம். மீஞ்சூரில் ஏறிப் பொன்னேரியில் இறங்கும் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்ததையும், நைனாவிடம் சொல்ல நான் பயந்ததையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

நைனா டாக்டரம்மா பக்கம் குனிந்து, “இதுக்கு எதுனா மருந்து கீதுங்களா, டாக்டர்?” என்றார்.

“வயித்துக்குத் தரேன். மத்ததை நீங்கதான் பாக்கணும்.”

சின்ன சீசாவில் சர்க்கரை உருண்டைகள். கையால் தொடக்கூடாது, மூடியில் கொட்டி நாக்கில் போட வேண்டும், கரையும்வரை வாயைத் திறக்கக்கூடாது, காபி கூடாது. எல்லாவற்றையும் கொட்டிவிட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு உருண்டைகூடப் போடாமலே பஸ் ஸ்டாண்டில் பரோட்டா பரோட்டாவாக உள்ளே தள்ளினேன். நைனா டீயை ஆறவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நைனாவும் என்னுடன் ரயிலேறினார். “யாருன்னு பாக்கறேன். பாத்துட்டு முடியாதுன்னு மூஞ்சிக்கி நேரா சொல்லிடறேன்.” பயமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு. ஆனால் வயிறு கம்மென்று இருந்தது.

மீஞ்சூர் பிளாட்பாரம் கண்ணில் பட்டதும் நைனா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு, அந்த சீசாவ குடு.”

“எதுக்கு நைனா?”

“இன்னாமோ உருட்டுது.”

மூடியில் கொட்டி நைனாவின் நாக்கில் போட்டேன். ரயில் நின்றது. அந்த மீஞ்சூர்க்காரர் ஏறினார். என் பக்கத்தில் நைனாவைப் பார்த்ததும் வெளிறிப்போய், “வணக்கங்க” என்றார்.

உருண்டை இன்னும் கரையவில்லை. நைனா வாயை இறுக மூடியபடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சற்று நகர்ந்து, பக்கத்தில் உட்கார இடம் விட்டார்.