டூகி வைத்த முதல் காலடி

எஃபி டரி, டூகி மெல்விலிடம் இருபது பவுண்டு பந்தயம் கட்டியிருந்தாள். ஸ்காட்லாந்து தனிநாடாகலாமா என்ற வாக்கெடுப்பு 2014இல் தோற்ற மறுநாள், ரொட்டிக் கடை வாசலில் நாலு பேர் முன்னால் அவளே சொன்னது அது.

"என்னைக்காவது ஒன் கட்சிக்கு வோட்டுப் போட்டேன்னா, நானே வந்து ஒன் கையில இருபது பவுண்டு எண்ணி வைக்கிறேன். அதுவரைக்கும் என்கிட்ட கட்சிப் பேச்சு எடுக்காதே, சாமி!"

டூகி பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒரு தள்ளுவண்டியும் ஏணியுமாகக் கூரை வேலையைத் தொடங்கி, மூன்று வேன் வாங்கியவர். அவர்கள் ஊரான பக்ஹேவனில் அவர் ஏறாத கூரை கிடையாது. வக்கீலையே வாயடைக்க வைக்கும் பேச்சு. நாற்பது வருஷமாகத் தனிநாட்டுக் கட்சிக்காகக் கதவு தட்டியவருக்குப் பக்கத்து வீட்டு எஃபி மட்டும் மசியவில்லை.

அவரால் முடியாததை 2020இல் வந்த கொரோனா நோய்த்தொற்று ஆறு மாதத்தில் முடித்துவிட்டது. தினமும் மத்தியானம் எடின்பரோவில் டூகியின் கட்சி நடத்தும் ஸ்காட்லாந்து அரசாங்கம் டிவியில் பேசும். எஃபி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

"லண்டன்காரன் சொல்றது ஒண்ணு, செய்றது ஒண்ணு," என்றாள் ஒருநாள் வேலியோரம். "ஒங்க ஆளுங்க மூஞ்சிக்கு நேரா பேசுறாங்க, டூகி. அவங்களுக்கும் அதே சட்டம், எனக்கும் அதே சட்டம்."

நாட்டில் பாதிக்கு மேல் தனிநாட்டுப் பக்கம் வந்துவிட்டதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லின. டூகி என்னவோ தானே கூரை வேய்ந்தது மாதிரி நெஞ்சு நிமிர்த்தி நடந்தார்.

டிசம்பரில் எஃபியின் அக்கா நெட்டா, புத்தாண்டுக்கு அடுத்த ஊரிலிருந்து வரட்டுமா என்று கேட்டாள். தனியாக இருப்பவள்.

"கூடவே கூடாது," என்றார் டூகி. "இந்த வருஷம் யாரும் யார் வாசலையும் மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு. நீயே மீறினா எங்க கட்சிக்கு என்ன மரியாதை?"

"நான் இன்னும் ஒங்க கட்சிக்கு வரல."

"வந்துட்ட மாதிரிதான் பேசுறே!"

எஃபி சிரித்துவிட்டாள். அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பழைய வருஷம் போகிற மணி அடித்ததும் வாசலில் கால் வைக்கிற முதல் ஆள் உயரமாக, கருத்த முடிக்காரனாக, கையில் கரித்துண்டோடு வந்தால்தான் அந்த வீட்டுக்கு யோகம் என்பது ஸ்காட்லாந்துக்காரர்களின் நம்பிக்கை. முப்பது வருஷமாக அந்தத் தெருவுக்கு டூகியின் கால்தான். முடி நரைத்த பிறகும் இதற்காகவே சாயம் பூசினார்.

வருஷக் கடைசி ராத்திரி எதிர்வீட்டு சாண்டி ஃபோன் செய்தான். "நீ கால் வைக்கலேன்னா எங்க வீட்டுல வருஷமே பொறக்காதுடா!"

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. கரித்துண்டும் விஸ்கியுமாகத் தெருவைக் கடந்தார். சாண்டியின் படியில் நின்று திரும்பினால், எஃபியின் ஜன்னலில் வெளிச்சம். அவள் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை இழுத்து மூடினாள்.

அந்த ஜனவரியிலேயே நெட்டா இறந்தாள். மாரடைப்பு, வீட்டில் யாருமில்லை. சவ வண்டி தெரு வழியே போனபோது டூகி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடைபாதையில் நின்றார். பின்னால் வந்த காரில் எஃபி நேரே பார்த்தபடி போனாள். தேவாலயக் கோபுரத்தின்மேல் தலைசுற்றாத மனிதர், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

தேர்தல் வந்தது. எல்லா வீட்டுக்கும் துண்டறிக்கை போட்டார், அவள் வீட்டைத் தவிர. அவள் குப்பைத்தொட்டியை வெளியே தள்ளும் சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவார். அந்த ராத்திரிக்காக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைப்பார். அவள் கேட் வரை போய்த் திரும்பிவிடுவார்.

மே மாதம், வாக்குப்பதிவன்று சாயங்காலம் அவளே முகக்கவசத்தோடு வந்து அவர் கேட்டைத் திறந்தாள்.

"போட்டுட்டேன். ஒங்க கட்சிக்குத்தான்."

"எஃபி, அன்னைக்கு ராத்திரி நான்..."

"பார்த்தேனே. மை பூசுன மண்டை தெருவிளக்குல பளபளன்னு மின்னுச்சு."

டூகிக்குச் சிரிப்பு வரவில்லை. காது வரை சுட்டது. "அப்புறம் எதுக்குப் போட்டே?"

"எங்க அக்காவை வராதேன்னு சொன்ன வாய் என்னுது. அந்தச் சட்டமே வெத்துன்னு ஆயிட்டா, நான் எதை நெனச்சுத் தூங்குறது? வோட்டு அதுக்கு. ஒனக்கில்ல."

"காசு வேண்டாம், எஃபி. கெஞ்சிக் கேக்குறேன்."

"கையை நீட்டு."

நீட்டினார். அவர் தோலில் விரல் படாமல் ஒவ்வொரு தாளாக வைத்தாள்.

"அஞ்சு. பத்து. பதினஞ்சு. இருபது."