மலைப்பாம்புத் தோலின் இன்னொரு முனை

ஜப்பான்காரன் கப்பலில் வந்து குண்டு போடப் போகிறான் என்ற பேச்சு கிளம்பிய கோடையில் எங்கள் சாந்தோம் தெரு மளமளவென்று காலியானது. எதிர்வீட்டு வாத்தியார் குடும்பம் கோழிக்கூண்டோடு போனது. என் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். நானும் கூட வருவேன் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தாள்.

கடற்கரையை ஒட்டிய ஒரு கொட்டகையில் தோல் பதனிட்டுச் சாயம் ஏற்றுவது என் வேலை. ஆடு, மாடு அல்ல. உடும்பு, சாரைப்பாம்பு, எப்போதாவது முதலை. வெளிநாட்டுப் பெண்களின் கைப்பைக்கும் செருப்புக்கும் போகிற சரக்கு. அப்போது தொட்டியில் ஒரு பெரிய மலைப்பாம்புத் தோல் கிடந்தது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, செதில் சுரண்டி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டிருந்தேன். தினமும் புரட்டாவிட்டால் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும்.

முதலாளியை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவர் குடும்பத்தோடு ஆம்பூருக்குக் கிளம்பும்போது, தோல் போனால் போகட்டும், நீயும் போ என்றுதான் சொன்னார். நான்தான் பிறகு போகிறேன் என்றேன். எழும்பூரில் ரயில் நகர ஆரம்பித்ததும் மனைவி ஜன்னலில் குனிந்து கேட்டாள்.

"அந்தப் பாம்புத் தோலு எங்களைவிடப் பெருசாப் போச்சா?"

வண்டி போய்விட்டது. பாதி வேலையை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது?

காலையில் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போவேன். தோலைப் புரட்டுவேன். மாலையில் வீட்டுக்கு வந்து, விளக்கேற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் பெஞ்சுகள் காலியாக இருந்தன. ஒருநாள் தீப்பெட்டி வாங்குகிற சாக்கில் மயிலாப்பூர் வரை நடந்தேன். கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தோல் பதமானதும்தான் சங்கடம் தெரிந்தது. ஈரம் போவதற்குள் அதைப் பலகையில் இழுத்து ஆணி அடிக்க வேண்டும். மலைப்பாம்பை ஒரு ஆளால் இழுக்க முடியாது. தலைப்பக்கம் அடித்துவிட்டு வாலுக்குப் போனால் நடுவில் சுருங்கிக்கொள்கிறது. தெருவுக்கு வந்து பார்த்தேன். ஒரு நாய்கூட இல்லை.

மீனவர் குப்பத்தார் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் கொடுக்கிற அம்மாள் வெறுங்கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் பிடிக்க வர முடியுமா என்று கேட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, ஊரே ஓடிக்கினு கீது, நீ பாம்பைக் கட்டிக்கினு கெடக்குற" என்றபடி கூடையை இறக்கினாள்.

வாலைப் பிடித்து, பலகையில் காலை உதைத்துக்கொண்டு, வலை இழுப்பதுபோல இழுத்தாள். நான் ஆணி அடித்துக்கொண்டே போனேன். நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, கடலை விட்டுவிட்டு எங்கே போய் எதைத் தின்பது என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஊட்ல அவங்க போனதுலேர்ந்து யாராண்டயாச்சும் பேசுனியா நீ?"

இல்லை என்றேன். என் தொண்டை கரகரத்திருந்தது எனக்கே அப்போதுதான் கேட்டது. அவள் வாலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள். கடைசி ஆணி வரை இருந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

சண்டையால் ஜெர்மன் சாயம் வருவது நின்றிருந்தது. பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்து, படிகாரம் சேர்த்து, பிரஷ்ஷால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை பூசினேன். நல்ல ரத்தச் சிவப்பு. பாம்பின் உடம்பிலிருந்த கட்டங்கள் அதனடியில் கருப்பாகத் தெரிந்தன. மீன்கார அம்மாளிடம் காட்டலாமென்று தோலைக் கொட்டகை வாசலில் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. எங்கள் பக்கம் மீன் வாங்க ஆளில்லாததால் ஆழ்வார்பேட்டைக்குக் கூடை எடுத்துப் போகிறாள் என்று பிறகு தெரிந்தது.

அந்த வருஷம் குண்டு விழவில்லை. மழைக்காலத்தில் ஜனங்கள் திரும்பினார்கள். பாய் தோலைத் தடவிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி எடுத்துப் போனார். மனைவியும் வந்தாள். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தனியா எப்படி இருந்தீங்க?"

"வேலை இருந்துச்சு" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள். எனக்கும் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்துபோய் படுக்கையை விரித்தாள்.