கரீம் பாட்சாவின் அறையில் கிடந்த கூட்டுப்புழுக்கள்

ஜெபசெல்விக்கு என்ன வேலை என்று தாராவியில் அவள் அம்மா யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. "கெமிஸ்ட்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பிணத்தின் மேல் கிடந்த புழுவை அரைத்து, அதற்குள் என்ன மருந்து, என்ன விஷம் என்று மகள் பார்க்கிறாள் என்றால் யார் பெண் கேட்டு வருவார்கள்? ஜெபசெல்விக்கோ அந்த வேலையில் கொள்ளை ஆசை. இரத்தமே மிஞ்சாத உடம்பாக இருந்தாலும், அந்த மனிதர் கடைசியாக விழுங்கியது அவரைத் தின்ற புழுவுக்குள் இருக்கும். அதை நினைத்தால் அவளுக்கு இன்னும் ஆச்சரியம் தாங்காது.

மழைக்காலத்தில் அப்படிப் புழுக்களைப் போட்ட புட்டி ஒன்று அவள் ஆய்வகத்துக்கு வந்தது. தாராவியில் தோல் பை தைக்கிற கரீம் பாட்சா, பூட்டிய அறைக்குள் பல நாளாகச் செத்துக் கிடந்திருக்கிறார். சோதித்துப் பார்த்தால் புழுவெல்லாம் பூச்சிமருந்து. தோலை வண்டு அரிக்காமல் இருக்க அடிக்கிற அதே மருந்து, அவர் அறையிலேயே இருந்ததாம். குடித்துவிட்டார் என்று போலீஸ் முடிவு கட்டிவிட்டது.

ஜெபசெல்விக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவ்வளவு விஷத்தைத் தின்ற புழு இப்படிக் கொழுகொழுவென்றா வளரும்? பாதியிலேயே செத்திருக்க வேண்டாமா? சோற்றில் கைவைத்தாலும் அந்தக் கேள்விதான். அதிகாரியை நச்சரித்து, ஒரு போலீஸ்காரரோடு அந்த அறைக்கே போய்விட்டாள்.

வாஷியிலிருந்து வந்திருந்த சபுரா கதவைத் திறந்தார். இறந்தவரின் அக்கா. ஜெபசெல்வியின் பேச்சில் திருநெல்வேலி வாடை அடித்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா அவன்கூட சண்ட போட்டுட்டுத்தான்மா போனேன். அதுக்குப் பொறவு பேசவே இல்ல. நான் பேசுன பேச்சுல மருந்தக் குடிச்சிட்டானா, அத மட்டும் சொல்லிரும்மா."

"அக்கா, கதவ ஒடச்சதும் யாராச்சும் உள்ள மருந்து அடிச்சீங்களா?"

"நாந்தான், போலீஸ் வாரதுக்கு முந்தியே அடிச்சேன். எந்தம்பி மேல புழு ஊறுறதப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? தோலுக்கு அடிக்கிற பம்ப எடுத்து அடிச்சேன். தப்பாம்மா?"

போலீஸ்காரர் தலையில் கைவைத்தார். ஜெபசெல்விக்குப் பாவமாக இருந்தது. பாசத்தில் அடித்த மருந்து புழுவில் ஏறி, தம்பியே குடித்த மாதிரி பழியைப் போட்டிருக்கிறது, பாருங்கள்.

தின்று முடித்த புழு, கூட்டுப்புழுவாக மாறுவதற்கு இருட்டைத் தேடி ஊர்ந்து போய்விடும். கதவை உடைப்பதற்கு முன்பே ஒதுங்கியவை எங்காவது இருக்கும் என்று அவள் மண்டியிட்டுத் தேடினாள். தோல் சுருள்களுக்குப் பின்னால், மருந்து எட்டாத மூலையில் கூட்டுப்புழுக்கள் பழுப்பு நிறத்தில் கிடந்தன. சந்தோஷத்தில் கத்தியே விட்டாள்.

சோதனை முடிந்து ரிப்போர்ட் போலீசுக்குப் போனது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு அவளே சபுராவுக்கு போன் செய்தாள்.

"அக்கா, தம்பி மருந்து குடிக்கல. எதனால எறந்தாருன்னு புழுவ வச்சு சொல்ல முடியாது. ஆனா வெஷம் இல்ல. பிரஷர் மாத்திர மட்டுந்தான் இருந்துச்சு."

 

"மாத்திர போட்டுருந்தானா?" சபுரா கேட்டார். "அதப் போட மாட்டேங்கான்னுதான்மா நான் சண்டையே போட்டேன்."