பசியில்லாமல் தின்ற நாட்கள்

வீட்டு விசைத்தறியில் நெய்த பட்டுப் புடவைகளைக் கடையில் கொடுக்க, சேவூரிலிருந்து ஆரணிக்கு அடிக்கடி போவேன். திரும்பும்போது இரண்டு பிரியாணி வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, நின்றபடியே தின்பேன். பிறகு பேக்கரியில் பன், முட்டை பப்ஸ், கால் கிலோ மிக்சர். பசி இருக்காது. ருசியும் தெரியாது. மூச்சு முட்டினால்தான் கை நிற்கும். வீட்டுக்கு வந்து, ஒன்றும் சாப்பிடாதவனைப் போல மனைவியோடு உட்கார்ந்து மறுபடியும் சாப்பிடுவேன். மறுநாள் என் மேலேயே அருவருப்பு வந்து பட்டினி கிடப்பேன். சாயங்காலம் பழையபடி.

சொந்தக்காரர்கள் என்னை நல்ல சாப்பாட்டுக்காரன் என்பார்கள். பந்தியில் என் இலையைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். காலையில் படுக்கையை விட்டு எழவே மனமில்லாமல் கிடந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் மழைக்கோட்டு எடுக்க மனைவி ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினாள். உள்ளே நாலைந்து நாள் காலிக் கவர்கள். அவற்றை ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நாளா இப்டி தின்னுகினு இருக்கீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

வீட்டுச் சோறு போதவில்லையா என்றாள். அதில்லை என்றேன். 

வேலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அவள்தான் கூட்டிப்போனாள். அந்தம்மா எடையைப் பற்றிப் பேசவே இல்லை. தூக்கம், வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்றார்.

"வண்டி ஓட்டிகினு போறப்போ, வீடு போய்ச் சேராட்டி என்னான்னு தோணும் மேடம்."

மனைவி அன்றுதான் அதை முதல்முறையாகக் கேள்விப்பட்டாள். என் முழங்கையைப் பிடித்தவள் வெளியே வரும்வரை விடவில்லை.

அடக்க முடியாமல் தின்பது ஒரு நோய், மனச்சோர்வு இன்னொன்று, ஒன்றை ஒன்று வளர்க்கிறது என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்து, மனம்விட்டுப் பேசத் தொடர்ந்து வரச் சொல்லி, முதலில் பட்டினியை விடச் சொன்னார். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பு செய்தவனுக்கு எதற்குச் சோறு என்று மனம் சொல்லும்.

எட்டு மாதம் ஆகிறது. எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் காலையில் எழுந்துவிடுகிறேன். போன மாதம் ஒரு புடவையைக் கடையில் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று மறுபடி பேக்கரியில் நின்றேன். இரண்டாவது பன்னைப் பிரித்தபோது மனைவிக்குப் போன் செய்தேன்.

"அங்கியே இருங்க. பஸ் புடிச்சி வரேன்."

வந்தவள் எங்கள் இருவருக்கும் டீ சொன்னாள். எத்தனை பன் என்று கேட்கவில்லை. கடையில் என்ன நடந்தது என்று கேட்டாள். சொல்லி முடிக்க வெகுநேரம் பிடித்தது.