"மேட்ச் வருமா?" என்று கேட்டவர்கள்

குடை விற்கிறவரிடம் போய் மழை ஏன் நிற்கவில்லை என்று யாரும் சண்டை போடுவதில்லை. டிஷ் விற்கிறவர்தான் உலகத்தில் எங்கே பந்து உருண்டாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று, தான் கொடுக்காத வாக்குக்காக முகம் சிறுத்துப்போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் என் கட்சி.

நான் வேலை பார்த்தது அந்தமானில், ரங்கத் பஜாரில். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். பி.காம். அப்பாவுக்கு அதில் எவ்வளவு பெருமை இருந்ததோ, எனக்கு அவ்வளவு பயம் இருந்தது.

ஒரே பதில்

கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "மேட்ச் ஆயேகா?" பெங்காலியோ தெலுங்கோ தமிழோ, பஜாரில் எல்லோருக்கும் ஹிந்திதான். சீரியல் எல்லாக் கம்பெனிப் பெட்டியிலும் வரும். கால்பந்து எதில் வரும் என்பதை வைத்துத்தான் இந்தப் பெட்டியா அந்தப் பெட்டியா என்று முடிவு செய்வார்கள். எங்கள் முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. அவரிடம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: "ஆயேகா." வரும். எப்போது, எந்த சேனல் பேக்கில் என்பதெல்லாம் பெட்டி விற்ற பிறகு.

எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. சுனாமி வந்துபோன பிறகு, அப்போது நாங்கள் இருந்த நிக்கோபாரின் கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் கேட்டது அந்த வார்த்தையைத்தான். ஜஹாஸ் ஆயேகா. எங்களை ஏற்றிப்போகக் கப்பல் வரும். சொன்னவர்களுக்கும் அது எப்போது என்று தெரியாது. அப்பா கடலைப் பார்த்தபடியே இருப்பார். அதனால் நான் சேனல் பட்டியலைப் பார்த்து, கால்பந்து நம் பெட்டியில் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். கேட்டவர் நேராக எதிர்க் கடைக்குப் போனார். அண்ணாச்சி கோபப்படவில்லை. இவ்வளவுதான் கேட்டார்: "ஏம்மா, இல்லன்னு சொல்லதுக்கா பி.காம். படிச்ச? அத நானே சொல்லிருவனே."

மட்டும்

எதிர்க் கடைக்காரர் ஒரு நாள் வாசலில் பேனர் கட்டினார். கால்பந்து வீரர் ஒருவர் பந்தை உதைக்கிற படம், கீழே "ஃபுட்பால் எங்களிடம் மட்டும்". அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது. சென்னைக்கு போன் செய்து அதே மாதிரி ஒரு பேனர் அடிக்கச் சொன்னார். அது கப்பலில் வந்து சேருவதற்குள் அந்தப் போட்டித் தொடரே முடிந்துவிட்டது. வந்த பேனரை என்ன செய்ய? கட்டினார். அதே வீரர், அதே பந்து, அதே வாசகம். கட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். தலையைத் தூக்கவே இல்லை.

கலர் டிவி ரிமோட்டுக்கு செல் வாங்க வந்த ரிட்டயர்டு ஓவர்சியர் ஒருவர் தெருவின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் படித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "ரெண்டு பேரும் 'மட்டும்'னு போட்டிருக்கீங்களே, இதுல யாரு அந்த மட்டும்?"

நல்ல பெயர்

பிஸ்வாஸ்தா ஊருக்கு வெளியே இருக்கும் பெங்காலி கிராமத்து கிளப்பின் செக்ரட்டரி. அப்பா வேலை பார்ப்பது அவருடைய பாக்குத் தோப்பில்தான். கல்கத்தாவின் இரண்டு பெரிய அணிகள் மோதுகிற மேட்சைக் கிளப்பில் எல்லோரும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஊரில் வசூல் செய்து டிஷ் வாங்க வந்திருந்தார். அப்பாவின் மகள் இருக்கிற கடை என்பதால் நேராக எங்களிடம் வந்தார். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். நான் பட்டியலைத் திருப்பிக் காட்டி, அந்த சேனல் எதிர்க் கடைப் பெட்டியில்தான் இருக்கிறது, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் அங்கேயே போய் வாங்கினார். மறுநாள் தோப்பில் எல்லோர் முன்னாலும் என்னைப் பற்றிப் பேசினாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொன்னார், அம்மாவிடம் ஒரு தடவை, பக்கத்து வீட்டில் ஒரு தடவை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு தடவை. எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது, மறைப்பானேன். கடையை விட்டு இறங்கும்போது பிஸ்வாஸ்தா என்னை மகளே என்று கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "கடையில உக்காந்து இப்படி யாரும் சொல்ல மாட்டாங்க, பேட்டி."

சேனல் வீடு மாறியது

அந்த மேட்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அந்த சேனலுக்கும் எதிர்க் கடைக் கம்பெனிக்கும் ஏதோ தகராறு. யார் எவ்வளவு கேட்டார்கள், யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் மெயின்லேண்டில் பெரிய கட்டடங்களில் பேசியது. ரங்கத்துக்குத் தெரிந்தது, காலையில் எழுந்து பார்த்தால் எதிர்க் கடைப் பெட்டியில் அந்த நம்பரில் நீலத் திரை. அதே சேனல் எங்கள் பெட்டியில் ஜம்மென்று ஓடுகிறது. அண்ணாச்சி பேனரைத் துடைத்து மறுபடி கட்டினார். இந்த முறை அந்த 'மட்டும்' உண்மை.

பஜாரில் பேச்சு கிளம்பிவிட்டது. எதிர்க் கடைக்காரர் எனக்கு ஏதோ கொடுத்து ஆள் பிடிக்கிறார் என்று ஒருவர், படித்த பிள்ளைகளே இப்படித்தான் என்று இன்னொருவர். தோப்பில் அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. பிஸ்வாஸ்தா கடைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "நீயும் மத்தவங்க மாதிரி ஆயேகான்னு சொல்லியிருந்தா, இப்ப மேட்ச் வந்திருக்கும், பேட்டி."

மழை

கடையில் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு பெட்டி இருந்தது. அதை ஒரு சாயங்காலத்துக்குக் கிளப்புக்குக் கொடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். நான் அவரிடம் கேட்ட முதல் உதவி அது. யோசித்துவிட்டுச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: கிளப்பில் நம் பேனரைக் கட்ட வேண்டும். மேட்ச் நடந்த ஞாயிற்றுக்கிழமை கடை டெக்னீஷியனும் நானும் போய், கிளப் கூரையில் இருந்த எதிர்க் கடை டிஷ்ஷையே எங்கள் சாட்டிலைட் பக்கம் திருப்பி, பெட்டியை மாட்டினோம். படம் வந்தது. ஊரே கூடியிருந்தது. பின்வரிசையில், தூணை ஒட்டி அப்பா. ஒருவரும் என்னோடு பேசவில்லை, ஆனால் யாரோ ஒரு பெண் டீ கொடுத்தாள். பாதி மேட்ச் நன்றாகவே போனது. பிறகு எங்கள் தீவு மழை பிடித்தது. தகரக் கூரையில் ஓசை ஏற ஏற, படம் கட்டம் கட்டமாக உடைந்து, கடைசியில் கறுப்புத் திரையில் 'சிக்னல் இல்லை' மட்டும் நின்றது. அதற்கு மேலே, சுவரில், "ஃபுட்பால் எங்களிடம் மட்டும்".

டெக்னீஷியன் கூரையைப் பார்த்துக் கையை விரித்தான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. முன்வரிசைக் கிழவர் ஒருவர் கேட்டார்: "ஆயேகா?" என்னிடம் பட்டியல் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. "ஆயேகா," என்றேன்.  யாரோ கப்பல் துறை டிக்கெட் கவுண்டர் ஆள் மாதிரியே மூக்கால் இழுத்து "ஆ...யேகா" என்றார். கிளப்பே சிரித்தது. பிஸ்வாஸ்தாவும்தான். கப்பலுக்குக் காத்திருக்கிற மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு மட்டும் அப்பா பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. மழை குறைந்து படம் திரும்பியபோது ஆட்டக்காரர்கள் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரார் கட்சி கட்டிய அணி ஒரே கோலில் ஜெயித்திருந்தது. அந்த கோலை ஒருவரும் பார்க்கவில்லை. "கோல் எந்தக் கம்பெனியில வரும், பேட்டி?" என்று கேட்டுவிட்டு பிஸ்வாஸ்தா எனக்கு மீன் வறுவல் தட்டை நீட்டினார்.

வீட்டுக்கு நடக்கும்போது பெட்டியை அப்பா வாங்கித் தூக்கிக்கொண்டார். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாதுப்பா என்றேன். அவர் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். "அன்னைக்கி கப்பலும் வந்திச்சிதானே, புள்ள."

இந்தத் தொழிலில் நான் பார்த்துப் பார்த்துச் சொன்ன உண்மை மேட்சுக்கு முன்னாலேயே பொய்யாகிப்போனது, வாய் தவறிச் சொன்ன ஒரே பொய்தான் மழை விட்டதும் உண்மையாகி என் மானத்தைக் காப்பாற்றியது.