எலுமிச்சம்பழ இனாம்

வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது தங்களிடம் வேலை பார்த்தவனுக்கு எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்கள் என்று அந்தக் காலத்துச் சேலத்தில் எல்லோரும் நம்பினார்கள். ஒருவருக்குக் கைக்கடிகாரம் கிடைத்ததாம். இன்னொருவருக்குக் கம்பளிக் கோட்டு. கோட்டு கிடைத்தவரை நானே பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் அதை மாட்டிக்கொண்டு கடைவீதிக்கு வந்து, வியர்த்து விறுவிறுத்து நிற்பார். எனக்குக் கோட்டும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம். நான் ஆசைப்பட்டது ஒரு சைக்கிளுக்கு.

ஆசைக்குக் காரணம் என் கால்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அம்மாபேட்டையில் சும்மா இருந்த எனக்கு, ஒரு துரைக்கும் துரைசாணிக்கும் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை கிடைத்தது. துரை வெள்ளைக்கல் வெட்டும் கரடுகளை, அந்த மொட்டைக் குன்றுகளை, பார்க்க வந்தவர். இருவரும் இங்கிலீஷ்காரர்கள் அல்ல. அவர்களுடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலவே தட்டுத்தடுமாறித்தான் நடக்கும். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று. அவர்கள் குடியிருந்தது கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறும் இடத்தில். அம்மாபேட்டையிலிருந்து தினமும் நடந்து போய் நடந்து வரவேண்டும். செருப்பு தேய்ந்த வேகத்துக்குச் சம்பளம் ஏறவில்லை.

துரையிடம் ஒரு சைக்கிள் இருந்தது. சேலத்தில் ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. வேலைக்குச் சேர்ந்த அன்று சம்பளத்தைச் சொன்னதும் என் முகம் தொங்கியிருக்க வேண்டும். துரை அந்தச் சைக்கிளின் இருக்கையைத் தட்டிக்கொண்டே, போகும்போது உன்னைத் தனியாகக் கவனிப்போம் என்றார். அவர் சாதாரணமாகத்தான் தட்டினாரோ என்னவோ, நான் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தச் சைக்கிளைத் துடைப்பதும் எண்ணெய் போடுவதும், கேட்காமலே, என் வேலையாயிற்று.

துரைசாணி சிக்கனத்தில் கரை கண்டவர். முதலில் ஏற்காட்டில் தங்கத்தான் வந்தார்கள். அங்கே பங்களா வாடகையைக் கேட்டதும், மலையைக் கீழே இருந்து பார்த்தால்தான் அழகு என்று சொல்லி இறங்கிவிட்டார். இனாம் கொடுப்பதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அவர் ஊரில், கூலி எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு. கூடக் கொடுத்தால் வேலைக்காரன் கெடுவான், குறைத்துக் கொடுத்தால் கொடுப்பவள் கெட்டுப்போவாள் என்பார். சேலத்துக் காபிக் கடையில் இந்தச் சட்டம் திணறியது. அரையணாக் காபிக்குப் பத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு தம்பிடிகூடத் தேறாது. அதனால் துரைசாணி பரிமாறுகிறவரிடம் என்னை விட்டு, இன்னும் சில காபி குடித்த பிறகு சேர்த்துத் தருவதாகச் சொல்லச் சொன்னார். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த முறை என் காபியில் மட்டும் சர்க்கரை இல்லை.

குதிரை வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. கடைவீதிக்குப் போக ஐந்தணா, இனாம் அரையணா, கணக்கு நேர். எப்போதும் ஒரே வண்டிக்காரர்தான் வருவார். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். வாய்ச்சொல் குறைவு, மானம் அதிகம். குதிரையைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் ஓட்டுவார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழம்தான் வந்து குட்டையைக் குழப்பியது.

புதிதாக ஒரு துரை வந்து குடியேறினால் ஊர்ப் பெரியவர்கள் போய்ப் பார்ப்பார்கள். பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. மணியக்காரர் வந்தார், கல் வெட்டும் காண்டிராக்டர் வந்தார், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் நீட்டி, கொஞ்ச நேரம் நின்று, போய்விட்டார்கள். இது எதற்கு என்று துரைசாணி கேட்டார். மரியாதைக்கு என்றேன். இதற்குப் பதிலாக நாம் ஏதாவது கொடுக்க வேண்டுமா என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் நான் செய்த மொழிபெயர்ப்புப் பிழை.

கூடையில் பழம் குவிந்தது. துரைசாணி எதையும் வீணாக்க மாட்டார். சர்பத் போட்டார், பித்தளை விளக்கைத் தேய்த்தார், தலைக்குத் தேய்த்தார். அப்படியும் தீரவில்லை. அப்போதுதான் அவருக்கு யோசனை உதித்திருக்கிறது. இந்த ஊரில் மரியாதை செய்யக் காசு வேண்டியதில்லை, பழம் போதும். அதுவும் தானாக வந்து சேருகிற பழம்.

மறுவாரம் கடைவீதியில், சந்தைக் கூட்டத்துக்கு நடுவில், வண்டியை விட்டு இறங்கினார். ஐந்தணாவை வண்டிக்காரர் கையில் கொடுத்தார். அரையணா எடுக்க வேண்டிய கை பைக்குள் போய் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தது. மணியக்காரர் கொடுத்தது போலவே இரண்டு கையாலும் ஏந்தி, லேசாகக் குனிந்து நீட்டினார்.

வண்டிக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார். துரைசாணி தன்னை வணங்கிப் பழம் கொடுத்ததை அரைக் கடைவீதி பார்த்துக்கொண்டிருந்தது. பழத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்த ஐந்தணாவை எடுத்து வண்டியின் இருக்கையில் துரைசாணி பக்கமாகத் தள்ளிவைத்தார். ஏன் என்று துரைசாணி என்னைக் கேட்டார். எனக்கே அப்போது பிடிபடவில்லை. ரொம்பச் சந்தோஷம் என்கிறார் என்று சொல்லிவைத்தேன். ஐந்தணா பைக்குள் திரும்பிப் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பழம். ஐந்தணாவும் மிச்சம், அரையணாவும் மிச்சம். இவ்வளவு பெருந்தன்மையான வண்டிக்காரர்களை உலகத்தில் எங்கும் கண்டதில்லை என்று துரைசாணி தம் ஊருக்கு எழுதினார். வண்டிக்காரரோ முதல் பழத்தை வண்டி விளக்கில் கட்டிக்கொண்டு, இது துரைசாணி வண்டி என்று வேறு ஆளை ஏற்றுவதையும் நிறுத்திவிட்டார். வண்டிப்பேட்டையில் அவர் வந்தால் மற்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். குதிரைக்குத்தான் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை, நான் நடந்து போகிற வழியில் வண்டிக்காரருடைய மனைவி என்னை நிறுத்தினார். வீட்டில் காலையில் எலுமிச்சை ரசம், மதியம் எலுமிச்சைச் சோறு, மீதி எல்லாம் ஊறுகாய் என்றார். அக்கம்பக்கத்தார் இவர்கள் ஏதோ செய்வினை எடுக்கிறார்கள் என்று வீட்டுப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்களாம். அவர் கோபத்தில் இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை.

"குதிரைக்குக் கொள்ளு வேணுமுங்க சாமி. எலுமிச்சம்பழத்தை வச்சா மோந்து பாத்துட்டு என்ற மூஞ்சியப் பாக்குதுங்க."

நான் வண்டிக்காரரிடம் பேசிப் பார்த்தேன். மரியாதை வேறு, கூலி வேறு, வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குதிரையின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அந்தக் கையில பழம் வாங்கிப்போட்டு அதே கையில காசு வாங்குனா நான் என்ன மனுசனுங்க? காசு வேணும்னா பழத்தையெல்லாம் திருப்பிக் குடுத்துப்போடோணும். அதெல்லாம் ஊறுகாயாயிப்போச்சுங்களே."

இதற்கு மேல் அவரிடம் பேச என்ன இருக்கிறது? நேரே துரைசாணியிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். இந்தப் பழம் இனாம் அல்ல, தமக்கு மேலானவர்களுக்குச் செய்கிற பெரிய மரியாதை, அதை வாங்கியவர் கொடுத்தவரிடம் காசு வாங்குவதைக் கேவலமாக நினைக்கிறார் என்றேன். துரைசாணியின் முகம் வெளுத்துவிட்டது. சிக்கனக்காரரே தவிர ஏமாற்றுக்காரர் அல்ல. ஒரு ஏழையின் குதிரையைப் பட்டினி போட்டுவிட்டோம் என்று கண்கலங்கினார். எனக்கு அவர்மேல் முதல் முறையாக நிஜமான பிரியம் வந்தது. உடனே பணத்தை எடுத்தார். வாங்கமாட்டார் என்றேன். அப்படியானால் வேறு எப்படித்தான் கொடுப்பது என்று கேட்டார்.

சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அன்று காலைதான் துடைத்திருந்தேன், பளபளவென்று இருந்தது. அவர்கள் ஊருக்குப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தோன்றிற்று. வண்டிக்காரருக்கு ஒரு மூட்டை கொள்ளு போதும் என்பது என் கணக்கு. அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று பொதுவாகவே ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் மதிப்புக்குரியவர்களுக்குக் காசு கொடுப்பதில்லை, பொருளாகக் கொடுத்தால் மறுக்கவும் மாட்டார்கள், அதிலும் போகவர உதவுகிற பொருள் என்றால் ரொம்ப விசேஷம் என்றேன். சொல்லிக்கொண்டே கண்ணைச் சைக்கிள் பக்கம் திருப்பினேன். துரைசாணியும் திரும்பிப் பார்த்தார். மெல்லத் தலையாட்டினார். அன்று அம்மாபேட்டை வரைக்கும் நடந்த ஞாபகமே எனக்கு இல்லை.

புறப்படுகிற நாளில் வண்டிக்காரர்தான் அவர்களைச் சூரமங்கலம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தார். வழியனுப்ப அவர் மனைவியும் வந்திருந்தார். துரை மட்டும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். முந்தின நாள் வாங்கிய சம்பளம் என் மடியில் இருந்தது. கைகள் இரண்டும் காலியாக, தயாராக இருந்தன. ரயில் வர நேரம் இருந்தது. துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார், என்னைத் தாண்டினார், வண்டிக்காரரின் மனைவியிடம் போய் அதன் கைப்பிடியை ஒப்படைத்தார்.

இத்தனை நாள் கூலிக்கு ஈடாக, பழம் வாங்காத கையில், காசாக இல்லாமல் பொருளாக, அதுவும் போகவர உதவுகிற பொருளாக என்று துரைசாணி சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். முதல் முறை சரியாக வராமல் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வண்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி சைக்கிளை இழுத்துத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார்.

பிறகு துரைசாணி என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. பையிலிருந்து நல்ல பெரிய, மஞ்சளாகப் பழுத்த ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதன் அர்த்தத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். உங்களுக்குக் காசோ பொருளோ கொடுத்து அவமதிக்க மாட்டேன்" என்றார்.

நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் எனக்காகத் தலைப்பாகையை அவிழ்த்தார். அந்த மனிதர் ஒருவருக்குத்தான் என் நிலைமை சரியாகப் புரிந்தது.

அடுத்த மாதம் வெள்ளைக்கல் கரட்டில் எனக்கு ஒரு கணக்கு வேலை கிடைத்தது. துரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார், அதை மறக்கக் கூடாது. ஆனால் அதே தூரம், அதே கால்கள். வண்டிக்காரரின் மனைவி அந்தச் சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்தி, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். குதிரையும் கொழுத்துவிட்டது. ஒரு நாள் கால்வலி தாங்காமல் நானும் போய் எடுத்தேன். எண்ணெய் போடவில்லை, கிறீச் கிறீச் என்றது. யாரும் கேட்காமலே நான் எண்ணெய் போட்டேன்.

சாயங்காலம் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடகையை எடுத்து நீட்டினேன். துரைசாணி கொடுத்த பழம் சட்டைப் பையில் வற்றிச் சுருங்கிக் கிடந்தது. ஏனோ அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. விளையாட்டாக அதையும் காசோடு சேர்த்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினேன். வண்டிக்காரரின் மனைவி சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அத உள்ள வச்சுக்குங்க சாமி. அத வாங்கிப்போட்டா அப்புறம் உங்ககிட்டக் காசு வாங்க முடியாதுங்களே."

பழம் என் பைக்குள் போனதை நின்று பார்த்துவிட்டு, வாடகையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.