மாமரத்துத் தேமல்

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாமரத்தை நான் பிரஷ் போட்டுக் குளிப்பாட்டினேன். சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நிஜம்தான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவில் பொங்கல் வந்தால் மரங்களுக்கும் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடிப்பார்கள். சிறுசேரிக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிற எனக்கு அதற்கு லீவே அமைந்ததில்லை. அந்த வருஷம் அமைந்தது. அடிமரத்தில் சாம்பல் பச்சை நிறத்தில் வட்ட வட்டமாகத் திட்டுகள் இருந்தன. முகத்தில் தேமல் வந்த மாதிரி இருந்தது. சீக்கு மேலேயே சுண்ணாம்பு அடிப்பானேன் என்று துணி துவைக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், போகாததைக் கத்தியால் சுரண்டினேன்.

டியூஷன் முடிந்து வந்த என் மகள் சைக்கிளை அப்படியே கீழே போட்டாள். அப்போது ஆறாம் வகுப்பு.

"அப்பா! என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மரத்துக்கு சீக்கும்மா. எல்லாத்தையும் எடுத்துட்டேன் பாரு."

"சீக்கு இல்லப்பா, லைக்கன்! என் ப்ராஜெக்ட்டே அதுதான்!"

படியில் உட்கார்ந்து அழுதாள். அவள் நோட்டைப் பிரித்தேன். ஜூன் மாதம் ஒவ்வொரு திட்டின் மேலும் மெல்லிய தாளை வைத்து ஓரத்தை வரைந்து, நம்பர் போட்டிருந்தாள். மொத்தம் பன்னிரண்டு. பொங்கல் லீவில் மறுபடி வரைந்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வகுப்பில் சொல்ல வேண்டும். ஏழு மாத வேலையை நான் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டேன்.

என் மனைவி பிரியாணிக்கு எடுத்த கல்பாசியோடு சமையலறையிலிருந்து வந்தாள். "இதுவும் லைக்கன்தானாம். உங்க பொண்ணு போன மாசமே சொன்னா. பிரியாணில போட்டா வாசனை, மரத்துல இருந்தா சீக்கா?"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதுதான் லைக்கனாம். பூஞ்சை இடம் கொடுத்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், பாசி வெயிலில் சமைக்கும். மரத்திடமிருந்து ஒரு வாய்கூடப் பிடுங்காது. பாறையில் வளர்ந்தால் மெல்ல மெல்ல அதை மண்ணாக்கும். புகை அதிகமான இடத்தில் பல வகை லைக்கன் பிழைக்காதாம். தினமும் புகை விடுகிற பஸ்ஸை ஓட்டுகிறவன் நான், தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் தோன்றியது: மதில் சுவர்ப் பக்கம் என் பிரஷ் போகவில்லையே!

சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் தொப்பையை எக்கிக்கொண்டு நுழைந்தேன். முழங்கை சிராய்த்தது. அங்கே ஒரு திட்டு, முழுசாக. மகள் தாளை நீட்டி வைத்துப் பார்த்தாள்.

"ஏழாம் நம்பர்ப்பா! இங்க பாருங்க, கோட்டைத் தாண்டி வந்திருக்கு!"

நூல் அளவுதான். ஆனாலும் நாங்கள் இருவரும் கத்திய கத்தலில் தெரு நாய் குரைத்தது.

மறுநாள் சுண்ணாம்பு அடித்தேன். மேலிருந்து வழிந்தால் ஏழாம் நம்பர் செத்துவிடும் என்று மகள் காவல் நின்றதால், சுவர்ப் பக்கம் முழுவதையும் விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னண்ணா, ரோட்டுக்கு மட்டும்தான் பொங்கலா? எங்க பக்கம் சுண்ணாம்பு பத்தலையா?"

"உங்க பக்கம் ஆள் குடியிருக்காங்க அக்கா," என்றேன். "ரெண்டு பேரு."